ஒரே கையில் சேர்ந்தாலும் கோபம், நாலு கையில் சிதறினாலும் கோபம்: விளையாட்டு ரசிகருக்கு என்னதான் வேண்டும்?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும். விளையாட்டுச் சேனல்களும் ஸ்ட்ரீமிங் செயலிகளும் ஒவ்வொன்றாக ஒரே நிறுவனத்துக்குள் போய்ச் சேரும்போது ரசிகர்கள் 'ஏகபோகம்' என்று கொதிக்கிறார்கள். அதே ரசிகர்கள்தான், உரிமைகள் பல நிறுவனங்களிடம் பிரிந்து கிடந்தபோது 'எத்தனை சந்தாதான் கட்டுவது' என்று புலம்பினார்கள். இது முரண்பாடு இல்லையா? இந்தக் கோபத்தால் எங்காவது ஏதாவது மாறியதுண்டா? இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குச் சில நிகழ்வுகளைக் காட்டலாம். ஆனால் அந்த நிகழ்வுகளில் ரசிகரின் பங்கு எவ்வளவு என்பதில் தயக்கத்தோடுதான் பேச வேண்டும்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். ஒளிபரப்பு உரிமை ஒப்பந்தங்களை வரைவதும், அவற்றில் எழும் தகராறுகளைப் படித்துக் கருத்துச் சொல்வதும் பல ஆண்டுகளாக என் வேலை. அதிலும் பெரும்பாலும் விற்பவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நூறு பக்க ஒப்பந்தத்தில் 'ரசிகர்' என்ற சொல் ஓரிடத்திலும் வராது. 'சந்தாதாரர்' வருவார், 'பிரதேசம்' வரும், 'பிரத்யேகம்' என்பது பக்கத்துக்குப் பக்கம் வரும். ரசிகரின் கோபம் அந்த மேசைக்கு வந்து சேரும்போது, 'சந்தா விலகல் விகிதம்' என்ற ஒற்றை எண்ணாகச் சுருங்கியிருக்கும். அந்த மேசையிலிருந்து பார்த்துப் பழகியவனின் பதில் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முரண்பாடு போலத் தெரிவதற்குக் காரணம், விற்பவர்களின் எண்ணிக்கை கூடினால் விலை குறையும் என்ற சந்தைப் பாடத்தை நாம் இங்கேயும் பொருத்திப் பார்ப்பதுதான். சோப்புக்கு அது பொருந்தும். ஒரு சோப்பு விலை ஏறினால் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். ஒளிபரப்பு உரிமையோ பிரத்யேகமாக விற்கப்படுவது. குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தைக் குறிப்பிட்ட ஒரு நாட்டில் காட்டும் உரிமை வழக்கமாக ஒருவரிடம்தான் இருக்கும். தொலைக்காட்சியும் இணையமும் பிரிந்திருந்தால் இருவரிடம் இருக்கும். என் அணி ஆடும் ஆட்டம் ஒரு செயலியில் இருக்கும்போது, அடுத்த செயலியில் வேறு இரண்டு அணிகள் ஆடுவது எனக்கு மாற்றாகாது. ஆகவே நிறுவனம் ஒன்று இருந்தாலும் ஐந்து இருந்தாலும், பார்ப்பவரைப் பொறுத்தவரை ஒவ்வோர் ஆட்டமும் ஏற்கெனவே ஏகபோகம்தான். நிறுவனங்களுக்கிடையிலான போட்டி நடப்பது ஏல அறையில். அதன் பலன் முதலில் போவது லீக்குக்கும் வாரியத்துக்கும். ஏலத்தில் ஏறிய தொகையை, சந்தா வழியாகவோ விளம்பரம் வழியாகவோ, பிறகு நம்மிடமிருந்துதான் எடுக்க வேண்டும். சிதறலை எதிர்க்கும் ரசிகர் பல சந்தாச் சீட்டுகளை எதிர்க்கிறார்; இணைப்பை எதிர்க்கும் ரசிகர், அந்த ஒரே சீட்டின் விலையைத் தட்டிக் கேட்க ஆளில்லாமல் போவதை எதிர்க்கிறார். இரண்டும் ஒரே அச்சத்தின் இரண்டு முகங்கள் என்பதே என் கருத்து.

இதற்கு ஐபிஎல் உரிமையின் கதையைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. 2018 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டு உரிமையை, தொலைக்காட்சியும் இணையமும் சேர்த்து, ஸ்டார் இந்தியா ஒரே நிறுவனமாக 16,347.5 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2022 ஜூனில் நடந்த மின்னணு ஏலத்தில் பிசிசிஐ தொகுப்புகளைப் பிரித்து விற்றது. 410 ஆட்டங்களுக்கான இந்தியத் தொலைக்காட்சி உரிமை 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டாருக்கும், இணைய உரிமை 20,500 கோடிக்கு வயாகாம்18 நிறுவனத்துக்கும் போயின. மற்ற தொகுப்புகளையும் கூட்டினால் மொத்தம் 48,390 கோடி. முந்தைய தொகையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வகுத்துப் பார்த்தால், ஓர் ஆட்டத்துக்குத் தொலைக்காட்சியில் 57.5 கோடி, இணையத்தில் 50 கோடி. மைதானத்தில் டாஸ் போடுவதற்கு முன்பே அந்த இருவரும் சேர்ந்து அவ்வளவு பணத்தைக் கட்ட ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் ரசிகரின் நினைவில் நிற்கிறது. இணைய உரிமையைப் பிடித்தவர், ஆட்களைத் தன் பக்கம் இழுக்க, 2023 ஐபிஎல் தொடரை ஜியோசினிமாவில் இலவசமாகக் காட்டினார். அதற்குப் பதிலடியாக டிஸ்னி ஸ்டாரின் செயலியான ஹாட்ஸ்டார், அதே ஆண்டு ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் கைப்பேசியில் இலவசமாகக் கொடுத்தது. அந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் உச்ச எண்ணிக்கை 5.9 கோடி. 2024 பிப்ரவரியில் இரு தரப்பும் இணைவதாக அறிவித்தன. ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் அனுமதி தந்தது. நவம்பரில் இணைப்பு முடிந்தது. 2025 பிப்ரவரி 14 அன்று இரண்டு செயலிகளும் ஜியோஹாட்ஸ்டார் என ஒன்றாயின. அந்த ஆண்டு ஐபிஎல் தொடங்கியபோது, முழுத் தொடரும் எல்லோருக்கும் இலவசம் என்ற நிலை போய்விட்டிருந்தது. 'ஒன்று சேர்ந்தார்கள், உடனே காசு கேட்கிறார்கள்' என்று ரசிகர்கள் கொதித்ததில் காலவரிசை பிழையே இல்லை. காரணத்தில்தான் எனக்குச் சந்தேகம். இரண்டு நிறுவனங்களாகவே தொடர்ந்திருந்தாலும் ஆட்டத்துக்கு 50 கோடி கொடுத்துவிட்டு இலவசமாகக் காட்டுவது நீண்ட நாள் தாங்கியிருக்காது என்பது என் மதிப்பீடு. அந்த இலவசத்தைப் போர்க்காலச் செலவு என்றுதான் படித்திருக்க வேண்டும். இணைப்பு அந்தப் போரை முடித்துவைத்தது. இல்லாவிட்டால் யாராவது ஒருவருக்குக் கை வலித்து அது முடிந்திருக்கும். இதை என்னால் நிரூபிக்க முடியாது. நடக்காமல் போன ஒன்றை யாராலும் நிரூபிக்க முடியாது.

அந்த அனுமதியில் ரசிகர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு நுணுக்கம் உண்டு. ஆணையத்துக்கு நிறுவனங்கள் கொடுத்த உறுதிமொழிகளில் கிரிக்கெட்டைப் பற்றிய முக்கியமானது விளம்பர நேரத்தைப் பற்றியது: தொலைக்காட்சி விளம்பரத்தையும் இணைய விளம்பரத்தையும் ஒன்றோடொன்று கட்டி விற்க மாட்டோம் என்பது அதன் சாரம். போட்டிச் சட்டம் எப்போதும் 'வாடிக்கையாளர் யார்' என்று முதலில் கேட்கும். பெரும்பாலும் காசு கொடுப்பவரையே வாடிக்கையாளராக எடுத்துக்கொள்ளும். ஆட்டத்தை இலவசமாகப் பார்த்தவர் காசு கொடுக்கவில்லை, விளம்பரதாரர் கொடுத்தார். ஆகவே பாதுகாப்பும் விளம்பரதாரருக்குக் கிடைத்தது. இதில் சதி எதுவும் இல்லை, சட்டத்தின் கண் அப்படித்தான் பார்க்கும். ஆனால் இலவசமாகப் பார்க்கும் பழக்கம், தன்னைக் காக்க வேண்டிய சட்டத்தின் கண்ணிலிருந்தே ரசிகரை மறைத்துவிடுகிறது என்ற விசித்திரத்தை எண்ணிப் பாருங்கள்.

மறுபக்கத்துக்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் 1992-இல் தொடங்கியதிலிருந்தே நேரலை உரிமை முழுவதும் ஸ்கை என்ற கட்டணத் தொலைக்காட்சி நிறுவனத்திடம் இருந்தது. இது போட்டியைக் கெடுக்கிறது என்று ஐரோப்பிய ஆணையம் பல ஆண்டுகள் வாதாடி, உரிமையை ஆறு தொகுப்புகளாகப் பிரித்து விற்கும்போது ஆறையும் ஒருவரே வாங்கக் கூடாது என்ற உறுதிமொழியை 2006-இல் பெற்றது. நோக்கம் நுகர்வோர் நலன். 2007 முதல் நான்கு தொகுப்புகள் ஸ்கையிடமும், இரண்டு செட்டான்டா என்ற நிறுவனத்திடமும் போயின: 92 ஆட்டங்கள் ஒருவரிடம், 46 மற்றவரிடம். முன்பு எல்லா நேரலையையும் ஒரே நிறுவனத்திடம் பார்த்தவர், இப்போது இரண்டு சந்தா கட்ட வேண்டியதாயிற்று. இரண்டே ஆண்டில், 2009 ஜூனில், செட்டான்டாவின் பிரிட்டன் பிரிவு திவாலானது. அந்த ஆட்டங்கள் இன்னொருவர் கைக்கு மாறின. நுகர்வோருக்காக ஏகபோகத்தை உடைத்தார்கள். நுகர்வோர் கையில் மிஞ்சியது கூடுதலாக ஒரு ரசீது. சிதறலை வெறுக்கும் ரசிகரை அறியாதவர் என்று சொல்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இன்னொன்றையும் கிட்டத்திலிருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன். ஒரு சேனல் திடீரென இருண்டுபோன வாரத்தில் வந்த சந்தாதாரர் புகார்களை ஒருமுறை கட்டுக்கட்டாகப் படிக்க நேர்ந்தது. நிறுவனம் ஒன்றா இரண்டா, பங்கு யாரிடம் என்ற பேச்சே அவற்றில் அரிது. 'அப்பாவுக்கு ரிமோட்டில் அந்த ஒரு எண்தான் தெரியும், இப்போது அதில் நீலத்திரை வருகிறது' என்பது போன்ற வரிகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. விலையேற்றத்தைத் திட்டியவர்களைவிட, வழக்கமான இடத்தில் வழக்கமான நேரத்தில் ஆட்டம் இல்லை என்று தவித்தவர்களே அதிகமாகத் தெரிந்தார்கள். நான் படித்தது ஒரே ஒரு கட்டு. அதை வைத்து உலகத்துக்கே பொதுவிதி எழுத மாட்டேன். ஆனால் ரசிகர் இழப்பது பழக்கத்தை என்பதும், பழக்கத்துக்கு எந்த ஒப்பந்தத்திலும் விலை போடப்படுவதில்லை என்பதும் அன்று எனக்குப் புரிந்தது.

அந்த இழப்பு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியைச் சொல்லலாம். அந்த அணி, டைம் வார்னர் கேபிளோடு 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, 2014-இல் தனக்கென ஒரு சேனல் தொடங்கியது. அந்தச் சேனலுக்குக் கேட்ட கட்டணம் அதிகம் என்று மற்ற கேபிள், டிடிஎச் நிறுவனங்கள் அதை எடுக்க மறுத்தன. 1950-இலிருந்து அந்த அணியின் வர்ணனையாளராக இருந்தவர் வின் ஸ்கல்லி. அவருடைய கடைசி மூன்று ஆண்டுகளில் அந்த ஊரின் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் தொலைக்காட்சி வழியாக அவர் குரலைக் கேட்க முடியவில்லை. 2016-இல், அவருடைய 67-ஆவது பருவம் முடியும் தருவாயில், கடைசி ஆறு ஆட்டங்களை மட்டும் உள்ளூர்ப் பொதுச் சேனல் ஒன்றிலும் காட்ட ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆண்டின் கூக்குரலுக்குக் கிடைத்தது ஆறு ஆட்டம். சேனலை எடுப்பது பற்றிப் போட்டி நிறுவனங்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொண்டன என்று அமெரிக்க நீதித்துறை அதே ஆண்டு நவம்பரில் டைரக்ட்டிவி என்ற டிடிஎச் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்து, மறு ஆண்டு சமரசத்தில் முடித்தது; ஆனால் டைரக்ட்டிவியில் அந்தச் சேனல் வந்தது 2020-இல்தான். இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. டைம் வார்னர் கேபிளைச் சார்ட்டர் என்ற இன்னொரு கேபிள் நிறுவனம் வாங்கப்போகிறது என்று 2015-இல் அறிவிப்பு வந்ததும், அதுவரை மறுத்துவந்த சார்ட்டர் தன் சந்தாதாரர்களுக்கு அந்தச் சேனலைத் திறந்துவிட்டது. அந்த வீடுகளுக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்தது ரசிகர் கோபம் என்று சொல்வதைவிட, நிறுவன இணைப்பு என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கம்.

அமெரிக்காவின் அண்மைக்கால நிகழ்வுகளில் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்னி, ஃபாக்ஸ், வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி ஆகிய மூன்றும் சேர்ந்து வீனு என்ற விளையாட்டு ஸ்ட்ரீமிங் சேவையைத் தொடங்கப்போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தன. 'ஒரே இடத்தில் எல்லாம்' என்று மகிழ்ந்த ரசிகர்களும் உண்டு, 'மூன்று பேர் சேர்ந்தால் விலையை யார் கேட்பது' என்றவர்களும் உண்டு. அதை நிறுத்தியது இந்த இரு தரப்பு ரசிகர்களும் இல்லை. ஃபூபோ என்ற சிறிய போட்டி நிறுவனம் போட்ட வழக்கில் ஆகஸ்டில் கிடைத்த இடைக்காலத் தடைதான். 2025 ஜனவரியில் அந்த ஃபூபோவே டிஸ்னியோடு கைகோத்துப் பெரும்பான்மைப் பங்கைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. சில நாள்களில் வீனு கைவிடப்பட்டது. இணைப்பை எதிர்த்து வென்றவர், இணைப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்தார். மற்றொன்று, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களின் தொகுப்பு பற்றிய வழக்கு. வெளியூரில் வாழும் ஒரு ரசிகர், தன் ஒரே அணியைப் பார்க்க எல்லா அணிகளின் ஆட்டங்களையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது என்பது வழக்கின் மையம். 2015-இல் தொடங்கிய வழக்கில், 2024 ஜூனில் நடுவர் குழு சந்தாதாரர்களுக்கு ஏறத்தாழ 470 கோடி டாலர் இழப்பீடு தந்தது. ஐந்து வாரம் கழித்து, இழப்பைக் கணக்கிட்ட நிபுணர்களின் முறை ஏற்கத்தக்கதல்ல என்று நீதிபதி அதை ரத்து செய்தார். ரசிகரின் குறை உண்மையாக இருக்கலாம். ஆனால் 'இந்தக் கட்டாயத் தொகுப்பு இல்லாதிருந்தால் விலை என்னவாக இருந்திருக்கும்' என்பதை நீதிமன்றம் ஒப்பும் எண்ணாகக் காட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த ஐந்து வாரமே சாட்சி.

இனி, ரசிகர்கள் உண்மையிலேயே வென்ற இடங்கள். 1998 செப்டம்பரில் ஸ்கை நிறுவனம் மான்செஸ்டர் யுனைடெட் அணியை 62.3 கோடி பவுண்டுக்கு வாங்க முன்வந்தது. நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டது. எல்லாம் முடிந்த மாதிரிதான் தெரிந்தது. அணியின் சுயேச்சை ரசிகர் சங்கமும், சிறு பங்குதாரர்களான ரசிகர்கள் தனியாகத் தொடங்கிய அமைப்பும் சேர்ந்து வேலையில் இறங்கின. முழக்கமும் பதாகையும் இருக்கத்தான் இருந்தன. அவற்றைவிட முக்கியம், பிரிட்டனின் ஏகபோகங்கள் மற்றும் இணைப்புகள் ஆணையத்துக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த மனுக்கள். அந்த மனுக்களில் 'எங்கள் அணி எங்கள் உயிர்' என்ற பேச்சு இரண்டாம் இடத்துக்குப் போனது. உரிமையை வாங்குபவரே, அதை விற்கும் கூட்டமைப்பில் ஓர் உறுப்பினராக உட்கார்ந்தால் ஏலம் எப்படி நேர்மையாக நடக்கும் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. ஆணையம் இந்த வாதத்தின் சாரத்தையே தன் அறிக்கையிலும் வைத்தது. 1999 ஏப்ரல் 9 அன்று அமைச்சர் ஸ்டீஃபன் பயர்ஸ் அந்தக் கொள்முதலைத் தடுத்தார். ரசிகர்கள் எழுதாவிட்டாலும் ஆணையம் அதே முடிவுக்கு வந்திருக்குமா? வந்திருக்கலாம், மற்ற ஒளிபரப்பாளர்களுக்கும் அந்தக் கொள்முதல் பிடிக்கவில்லை. ஆனால் ஆணையத்தின் மொழியில் ரசிகர்கள் பேசினார்கள் என்பதில் ஐயமில்லை.

கோபம் மட்டுமே போதுமானதாக இருந்திருந்தால் 2005-இலும் அவர்கள் வென்றிருக்க வேண்டும். அந்த ஆண்டு கிளேசர் குடும்பம் அதே அணியைக் கடன் வாங்கிய பணத்தில் கைப்பற்றியபோது எழுந்த சீற்றம் முந்தையதற்குக் குறைந்ததல்ல. மனம் வெறுத்த ஒரு பகுதியினர் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று புதிய அணியையே தொடங்கிவிட்டார்கள். ஆனால் வாங்கியவர் ஒளிபரப்பாளர் அல்லர். உரிமைச் சந்தையில் போட்டி எதுவும் குறையவில்லை. சட்டத்துக்குப் பிடிக்க நூல் இல்லை. அதே ஊர், அதே ரசிகர்கள், அதே ஆத்திரம். பிடித்துக்கொள்ள 1998-இல் கிடைத்த கொம்பு 2005-இல் இல்லை.

ஜெர்மனியில் நடந்தது வேறு வகை. அங்கே கால்பந்து லீக்கின் ஊடக உரிமைகளுக்கென ஒரு துணை நிறுவனம் அமைத்து, அதன் வருவாயில் எட்டு விழுக்காடு வரை இருபது ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டு நிதியத்துக்கு விற்க, 2023 டிசம்பரில் 36 அணிகளும் ரகசிய வாக்கெடுப்பு நடத்தின. தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24. கிடைத்ததும் துல்லியமாக 24. ஓர் அணியின் பிரதிநிதி, உறுப்பினர்கள் இட்ட கட்டளைக்கு மாறாக வாக்களித்தாரோ என்ற சந்தேகம் உடனே கிளம்பியது. அடுத்த வாரங்களில் மைதானங்களில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மாடத்திலிருந்து டென்னிஸ் பந்துகள் மழையாக விழும். தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் காசுகள் விழும். ஓரிடத்தில், புகை கக்கும் ரிமோட் கார்கள் புல்வெளியில் வட்டமடிக்க, பாதுகாவலர்கள் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். வீரர்கள் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள், நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பார், நேரலை நீண்டுகொண்டே போகும். 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இதற்கு முன்பும், தொலைக்காட்சிக்காகத் திங்கட்கிழமை இரவுக்கு மாற்றப்பட்ட ஆட்டங்களை எதிர்த்து இதே டென்னிஸ் பந்துகள் விழுந்திருந்தன. 2018 பிப்ரவரியில் டார்ட்மண்ட் மைதானத்தில் 81,000 பேர் கொள்ளும் இடத்தில் ஒரு திங்களன்று 54,300 பேர்தான் வந்தார்கள். 2021-22 பருவத்திலிருந்து திங்கள் ஆட்டங்கள் நீக்கப்பட்டன.

இங்கே ரசிகரின் கையில் இருந்த பலம் என்ன என்று பார்த்தால், ஒன்று, பெரும்பான்மை வாக்கு அணியின் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்ற அந்த நாட்டு விதி. அதனால் அணி நிர்வாகிகள் மைதானத்து மாடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருந்தது. இன்னொன்று, நிறைந்த மாடமும் அதன் ஓசையும் ஒளிபரப்பாளர் காசு கொடுத்து வாங்கும் பண்டத்தின் ஒரு பகுதி. மாடம் முரண்டு பிடித்தால் பண்டமே கெடுகிறது. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இந்த இரண்டும் இல்லை. அவர் சந்தாவை ரத்து செய்யலாம்; ஆனால் பெரும்பாலோர் தொடர் முடிந்ததும் ரத்து செய்து, அடுத்த தொடர் தொடங்கும்போது திரும்பி வருவதால், நிறுவனத்தின் அட்டவணையில் அது எதிர்ப்பாகப் பதியாமல் 'பருவகால ஏற்ற இறக்கம்' என்று பதிகிறது. திருட்டு ஒளிபரப்பைத் தேடிப் போவதும் ஒரு வகை எதிர்ப்பு என்று வாதிடுபவர்கள் உண்டு. சட்டப்படி அது தவறு என்பதைத் தாண்டி ஒரு தொழில் விவரம் சொல்கிறேன்: பேச்சுவார்த்தை மேசையில் திருட்டு ஒளிபரப்பு, விலையைக் குறைக்கும் காரணமாக நான் ஒருமுறையும் கண்டதில்லை, குறியாக்கத்துக்கும் கண்காணிப்புக்கும் கூடுதல் செலவு என்ற பெயரில் அது ஒப்பந்தத்தில் ஏறுவதைத்தான் கண்டிருக்கிறேன்.

ரசிகரின் கூச்சலுக்கு எளிதில் மாறுவது ஒளிபரப்பு நடைமுறை. 1968-இல் அமெரிக்காவில் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, என்பிசி சேனல் அதை வெட்டிவிட்டுக் குழந்தைகளுக்கான படத்தைத் தொடங்கியது. தோற்றுக்கொண்டிருந்த அணி அந்த நிமிடத்துக்குள் இரண்டு டச்டவுன் அடித்து வென்றுவிட்டது. வந்த அழைப்புகளில் சேனலின் தொலைபேசி இணைப்பகமே செயலிழந்தது. அதன் பிறகு ஆட்டத்தை முடியும்வரை காட்டுவது வழக்கமானது. இப்படிப்பட்ட குறைகளுக்குக் கூச்சலே போதும். உரிமை யாரிடம், விலை எவ்வளவு என்ற இரண்டும் கூச்சலுக்கு அசைவதில்லை.

சட்டத்தின் வழியாகக் கிடைக்கும் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. பிரிட்டன் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முக்கிய நிகழ்வுகளைப் பட்டியலிட்டுப் பொதுச் சேனல்களுக்கு வாய்ப்பளிக்கச் சொல்கிறது. இந்தியாவில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிறது. தொலைக்காட்சி விளம்பர வருவாயில் உரிமையாளருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25 என்ற விகிதத்துக்குக் குறையாமல் பங்கு. ஆனால் அப்படிப் பகிரப்படும் ஒளிபரப்பைத் தரைவழியிலும் டிடி ஃப்ரீ டிஷ் வழியிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளிலும் டிடிஎச்சிலும் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் பேசுவது தொலைக்காட்சியையும் வானொலியையும் மட்டுமே. செயலிகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஐபிஎல் அந்தப் பட்டியலிலும் இல்லை. இணைப்பை எதிர்த்து எழுதும் ரசிகர்களில் இந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிடுபவர்களை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஆகவே, 'எப்போது குரல் கொடுப்பது' என்று கேட்டால், இணைப்பு முடிந்து செயலியின் பெயர் மாறிய பிறகு எழுதுவதைவிட, ஏலத்தின் விதிகள் எழுதப்படும் மாதங்களில் எழுதுவதற்குப் பலன் கூடுதல் என்பேன். இப்போதைய ஐபிஎல் ஒப்பந்தம் 2027 பருவத்தோடு முடிகிறது. 2022-இல் ஒருவரையொருவர் ஏற்றிவிட்ட இருவரும் இப்போது ஒரே நிறுவனம். மூன்றாவதாக வலுவான ஒருவர் வராவிட்டால் வாரியத்துக்கே வருமானம் இறங்கலாம் என்பதால், இம்முறை வாரியத்தின் நலனும் ரசிகரின் நலனும் கொஞ்ச தூரம் சேர்ந்து நடக்க வாய்ப்புண்டு. ஏல ஆவணம் வரும்போது மூன்று இடங்களைப் பாருங்கள்: தொலைக்காட்சியும் இணையமும் மறுபடி தனித்தனியாக விற்கப்படுகின்றனவா, ஒருவர் இத்தனை தொகுப்புகளுக்கு மேல் வாங்கக் கூடாது என்ற வரம்பு இருக்கிறதா, சில ஆட்டங்களாவது பொதுச் சேனலுக்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றனவா. சென்ற முறை, தொடக்க ஆட்டமும் கடைசிக் கட்ட ஆட்டங்களும் அடங்கிய சிறப்புத் தொகுப்பு ஒன்றைத் தனியே வைத்தார்கள்; அதுவும் இணைய உரிமையை வென்ற அதே நிறுவனத்துக்கே போனது.